ஆறு வண்டி அகலம்

மலைமேல் ஏறி நின்றால் கடல் தெரியும். இரண்டுக்கும் நடுவில் கிடந்ததுதான் நாடு. அதற்கு ஒரு ராஜா இருந்தார்.

ராஜாவுக்குப் பேரன் பிறந்தான். தொட்டிலைப் பார்த்துக்கொண்டே இருந்தவருக்கு ஒரு கவலை வந்துவிட்டது. இப்போதே வண்டியும் வண்டியும் முட்டிக்கொண்டு நிற்கின்றன. இவன் தலையெடுக்கும்போது ஜனம் பெருத்திருக்கும், சந்தை பெருத்திருக்கும், அப்போது என்ன ஆகும் என்று. பாதை அதிகாரி பூவராகனுக்கு ஆள் போயிற்று.

"நாடு முழுக்கச் சாலை போடணும் பூவராகா. இன்னைக்கு ஓடுற வண்டிக்கு இல்லை. என் பேரன் கிழவனாகுற காலத்துல ஓடுற வண்டிக்கு. எங்கே போகணும், எவ்வளவு அகலம் வேணும், யோசிச்சுக் கொண்டா."

"உத்தரவு மகாராஜா."

பூவராகனுக்குத் தலை நரைத்திருந்தது. சொத்து என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. பெயர் ஒன்றுதான் இருந்தது. எந்த ஊருக்குப் போனாலும் சோற்றைக் கட்டி எடுத்துக்கொண்டுதான் போவான். அந்த ஊர்க் கிணற்றில் தண்ணீர் குடிப்பான், அவ்வளவுதான். "யார் வீட்டிலும் கை நனைக்காதவர்" என்று தெருவில் யாராவது சொன்னால், காதில் விழாதது போலப் போவான். ஆனால் நடை கொஞ்சம் மெதுவாகும்.

அந்தக் காலத்தில் பாதைக்குக் கணக்கு எடுப்பது எப்படி என்றால், முச்சந்தியில் மரத்தடியில் உட்கார வேண்டும். பக்கத்தில் ஒரு பானை. ஒரு வண்டி கடந்தால் ஒரு புளியங்கொட்டை உள்ளே. பானை நிறைந்த ஊருக்குப் பெரிய சாலை. பானையின் அடி தெரிந்தால் ஒற்றையடிப் பாதையே போதும்.

பூவராகன் முதலில் நெடும்பாறைக்குப் போனான். உட்கார்ந்த நேரத்திலிருந்து வண்டி வருகிறது, வருகிறது, வந்துகொண்டே இருக்கிறது. பானை நிறைந்துவிட்டது. மேல்துண்டை விரித்து அதில் போட்டான். அப்புறம்தான் ஒரு காளை கண்ணில் பட்டது. ஒற்றைக் கொம்பு. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் ஒற்றைக் கொம்பு. வண்டிக்காரனை நிறுத்தினான்.

"ஏம்ப்பா, இந்தக் காளையை இப்பத்தானே பார்த்தேன்?"

"அது இதோட அண்ணன், சாமி."

"அண்ணனுக்கும் ஒத்தைக் கொம்புதானா?"

"எங்க ஊர்ல எல்லாம் ஒரே சாயல்தான்."

பாறையைச் சுற்றிப் போய்ப் பார்த்தான். ஊர் வண்டி மொத்தமும் பாறைக்குப் பின்னால் வளைந்து வளைந்து வந்துகொண்டிருந்தது. பெரிய சாலை வந்தால் பெரிய சந்தை வரும் என்று நெடும்பாறைக்காரர்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

அடுத்த ஊர் கருவேலம்பட்டி. அங்கே நேர்மாறு. ஒரு வண்டி இல்லை. பாதையில் சாணிகூட இல்லை, கூட்டி வைத்திருந்தார்கள். ஆனால் சக்கரத் தடம் முழங்கால் ஆழம். ஒவ்வொரு வீட்டுக்குப் பின்னாலும் புதிதாக ஒரு வைக்கோல் போர். வாசலில் நின்ற பெண்ணைக் கேட்டான்.

"இந்த ஊர்ல வண்டியே கிடையாதா தாயி?"

"வண்டின்னா எப்படி இருக்கும் சாமி?"

வைக்கோல் போருக்குள்ளிருந்து ஒரு மாடு கத்தியது.

"அது எங்க வீட்டுக்காரர். படுத்தா அப்படித்தான் குறட்டை விடுவாரு."

பெரிய சாலை வந்தால் வீட்டை இடிப்பார்கள் என்று இவர்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

மூன்றாவது ஊரில் நிஜமாகவே வண்டிகள் போயின, வந்தன. ஆனால் பூவராகனுக்கு இப்போது எதையும் நம்ப முடியவில்லை. வந்தவன் எல்லாம் சுற்றி வருகிறான் என்று தோன்றியது. வராதவன் எல்லாம் ஒளிந்திருக்கிறான் என்று தோன்றியது. புளியங்கொட்டையை அங்கேயே கொட்டிவிட்டுத் தன் குருவைப் பார்க்கப் புறப்பட்டான்.

குரு என்றதும் தாடியைத் தேடாதீர்கள். உலகம்மை பூவராகனைவிட வயதில் நன்றாக இளையவர். மலைப்பாதையும் கடற்பாதையும் சேருகிற இடத்தில் தண்ணீர்ப்பந்தல் வைத்திருந்தார். கூட ஒரு மந்தை ஆடு. எப்போதோ ஒருநாள் பூவராகன் அங்கே தண்ணீர் குடிக்க நின்று, மனசில் கிடந்த எதையோ கேட்டான். அவர் ஏதோ சொன்னார். அன்றிலிருந்து அவன் சீடன்.

அந்தப் பந்தலில் ஒரே ஒரு குறை. அது பாதையோரமாக இல்லை. நாலைந்து வண்டியைக் குறுக்கே நிறுத்தலாம், அவ்வளவு தள்ளி இருந்தது. நடுவில் வெறும் புல்தரை. தாகத்தோடு வருகிறவன் வண்டியை விட்டு இறங்கி, அந்த வெயிலில் நடந்து போய்த்தான் குடிக்க வேண்டும். திட்டாமல் குடித்தவன் குறைவு.

"எல்லாரும் ஏமாத்துறாங்கம்மா," என்றான் பூவராகன். "ஒருத்தன் சுத்தி வர்றான். ஒருத்தன் ஒளிச்சு வைக்கிறான். யாரை நம்பிச் சாலை போடுறது?"

"யாருக்குச் சாலை?"

"ராஜாவோட பேரன் காலத்து ஜனத்துக்கு."

"அவங்க யாராச்சும் வண்டியைச் சுத்தி ஓட்டினாங்களா?"

"அவங்க இன்னும் பொறக்கவே இல்லையே."

"சரி, ஒளிச்சு வச்சாங்களா?"

"பொறக்காதவங்க எப்படிம்மா ஒளிச்சு வைப்பாங்க?"

"அப்ப உன்கிட்ட பொய் சொல்லாதவங்க அவங்க மட்டும்தான். அவங்களை நம்பு."

பூவராகன் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனான்.

போனவன் அளவுகோலும் கையுமாக மலையிலிருந்து கடல் வரைக்கும் கால் தேய நடந்தான். எந்த ஊர்ப் பக்கம் ஆறு திரும்பும், எந்த மேட்டில் நாளைக்கு வீடு முளைக்கும், எந்தப் பள்ளத்தில் தண்ணீர் நிற்கும் என்று பார்த்துப் பார்த்துக் கோடு போட்டான். போட்டு முடித்துச் சபையில் வந்து நின்றான்.

"மகாராஜா, இப்போதைக்கு ரெண்டு வண்டி எதிரும் புதிருமாப் போக ஒரு சாலை. அதுக்கு இந்தப் பக்கம் ரெண்டு வண்டி அகலம், அந்தப் பக்கம் ரெண்டு வண்டி அகலம், வெறும் நிலம். அதுல யாரும் கட்டக் கூடாது, விதைக்கக் கூடாது. வர்றவங்க தேவைப்படுறப்ப அகலமாக்கிக்கட்டும். ஆக மொத்தம் ஆறு வண்டி அகலம்."

சபை சலசலத்தது. அப்புறம் மண்டிக்காரர் மருதப்பர் எழுந்தார். நாட்டு நெல்லில் பாதி அவர் மண்டி வழியாகத்தான் போகும்.

"சாலைக்கு ரெண்டு வண்டி. புரியுது. மீதி நாலு வண்டி அகலம் யாருக்கு?"

"பின்னால வரப் போறவங்களுக்கு."

"அவங்க பேரு?"

சபை சிரித்தது.

"பேரு தெரியாதவனுக்கு, மலையிலேருந்து கடல் வரைக்கும் நிலமா? நானும் நாலு பேருக்கு நிலம் எழுதிக் கொடுத்திருக்கேன். ஒருத்தனுக்காச்சும் பேரு இல்லாம இருந்ததில்லை."

பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "பூவராகருக்கு மச்சினன் ஒருத்தர் உண்டுல்ல?"

இன்னொரு குரல். "அவருக்கு மாடு உண்டுல்ல?"

மச்சினனிடம் இருந்தது ஒரே பசு. அதுவும் பால் வற்றியது. பொழுது சாய்வதற்குள் அது மந்தையாகிவிட்டது.

ராஜாவும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"பூவராகா, அமாவாசை கழிச்சு வா. ரெண்டு வண்டி அகலம்னு மாத்திக் கொண்டாந்தா, நான் எதுவும் கேக்க மாட்டேன். இப்படி ஒண்ணு நடந்ததையே மறந்துடுவேன். ஆறுன்னே சொல்றதா இருந்தா, மீதி யாருக்குன்னு எனக்குப் புரியுற மாதிரி சொல்லணும்."

தெருவில் இறங்கி நடந்தான். பேசிக்கொண்டிருந்தவர்கள் அவனைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். கிணற்றடியில் போய் நின்றான். தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தவள் கயிற்றை அவன் கையில் கொடுக்காமல், தூணில் சுற்றினாள்.

"தண்ணி போதுமாய்யா? இல்லை, கிணறும் வேணுமா?"

பூவராகன் குடிக்காமல் திரும்பினான். இத்தனை வருஷமாகச் சேர்த்த ஒரே சொத்து ஒரு பகலில் கரைந்துவிட்டது. ரெண்டு என்று சொன்னால் திரும்பக் கிடைத்துவிடும். அவ்வளவு சுலபம்.

அப்போதுதான் யாரோ யாரிடமோ சொல்வது காதில் விழுந்தது.

"இவனுக்கு இந்த யோசனையைக் கொடுத்தது யாருங்கிறே? அந்தத் தண்ணிப்பந்தல் அம்மாதான். அங்க ஆடு எத்தனை நிக்குதுன்னு பார்த்திருக்கியா நீ?"

பார்த்திருக்கிறான். இதுவரை அதைப் பற்றி நினைத்ததில்லை. இப்போது வேறு எதுவும் நினைக்க முடியவில்லை. 'பொறக்காதவங்களை நம்பு'. சொன்னது யார்? ஆட்டுக்காரி. வெறும் நிலம் என்றால் புல். புல் என்றால் ஆடு. கணக்கு நேராகத்தான் வந்தது.

பந்தலுக்குப் போனபோது அன்றைக்குச் சந்தை நாள். உலகம்மை தண்ணீர் மொண்டுகொண்டிருந்தார். பூவராகன் அவரைப் பார்க்கவில்லை. புல்தரையில் மேய்ந்த ஆடுகளைப் பார்த்தான். வயிறு ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கமும் தள்ளியிருந்தது.

"வா பூவராகா. தண்ணி குடி."

"வேண்டாம்."

அவன் அந்தப் பந்தலில் வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. உலகம்மை சொம்பைக் கீழே வைத்தார்.

"ஆடெல்லாம் நல்லா இருக்கு," என்றான்.

"புல்லு நல்லா இருக்கு."

"நான் விடச் சொன்ன நிலத்துலயும் புல்லு முளைக்கும்."

"முளைக்கும்."

"உங்க ஆடு அங்க மேயும்."

"மேயும். அதுக்கு வாய் இல்லையா?"

பூவராகன் ஆடுகளை விட்டுவிட்டு அவரைப் பார்த்தான். இல்லவே இல்லை என்று சொல்வார், கோபப்படுவார் என்று நினைத்து வந்திருந்தான்.

"அப்ப ஊர் பேசுறது நெசமாம்மா?"

உலகம்மை அந்தச் சொம்பை எடுத்து அவன் கையில் கொடுத்தார். "ஆளு நிக்குது பாரு. கொஞ்ச நேரம் ஊத்து. அப்புறமா சந்தேகப்படு."

ஊற்றினான். வந்தவர்கள் எல்லாம் மூச்சு வாங்க வந்தார்கள். குடித்துவிட்டுத் திட்டினார்கள்.

"ஏன்யா, குடிக்கிற தண்ணியைப் புதையல் மாதிரி இவ்வளவு உள்ளே வச்சிருக்கீங்க?"

"பாதையோரமா வச்சா பந்தல் ஓடியா போயிடும்?"

தலைப்பாகைக்காரர் ஒருவர் ஒரு கண்ணைச் சொம்பிலும் ஒரு கண்ணைத் தன் வண்டியிலும் வைத்துக்கொண்டு குடித்தார். "எனக்குத் தெரியும்யா. பாதையோரம் வச்சா நாங்க இறங்காமலே குடிச்சிட்டுப் போயிடுவோம். இறங்கி இவ்வளவு தூரம் வந்தாத்தானே, உங்க ஆளு வண்டியில இருக்கிறதை இறக்க முடியும்?"

"எங்க ஆளு யாரும் இல்லைங்களே."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவான்." வாயைத் துடைத்துக்கொண்டு ஓடிப்போய் மூட்டைகளைத் தடவிப் பார்த்தார். ஒன்றும் குறையவில்லை. அதற்கும் ஒரு முறை பந்தலை முறைத்தார்.

அந்த நேரத்தில் மலைப் பக்கமிருந்து ஒரு வைக்கோல் வண்டி வந்தது. கடல் பக்கமிருந்து உப்பு வண்டி வந்தது. இரண்டும் பந்தலுக்கு நேராக முட்டிக்கொண்டன.

"ஒதுங்குய்யா."

"நீ ஒதுங்கு. உப்பு வருதுல்ல?"

"உப்பு வந்தா எழுந்து நிக்கணுமோ? வைக்கோல் பின்னால போகாதுய்யா, வேணும்னா உன் மாட்டைக் கேளு."

இதற்குப் பின்னால் ஒரு வரிசை, அதற்குப் பின்னால் ஒரு வரிசை. மாடுகள் தலையை ஆட்டின. சாட்டைகள் உயர்ந்தன. தலைப்பாகைக்காரர் மூட்டை மேல் ஏறி நின்று இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டினார்.

வைக்கோல்காரன் பார்த்தான். மாட்டை இழுத்து, வண்டியைப் பாதையை விட்டு இறக்கினான். பந்தலுக்கும் பாதைக்கும் நடுவில் இருந்த புல்தரையில், ஆடுகளை விலக்கிக்கொண்டு, உப்பு வண்டியைச் சுற்றி, அந்தப் பக்கம் போய் ஏறிவிட்டான். அவன் பின்னால் வந்தவர்களும் அப்படியே இறங்கி ஏறினார்கள். தலைப்பாகைக்காரரும் அந்தப் புல்மேல்தான் போனார். பூவராகனைக் கடக்கும்போது தலையை வெளியே நீட்டினார்.

"அடுத்த சந்தைக்குள்ள பந்தலைப் பாதையோரமா இழுத்துப் போடச் சொல்லுய்யா உங்கம்மாவை!"

வண்டிகள் போய்விட்டன. புல்லில் சக்கரத் தடம் படிந்திருந்தது. ஆடுகள் திரும்பி வந்து, தடத்துக்கு நடுவில் மேய ஆரம்பித்தன.

பூவராகன் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான்.

"அம்மா, இது எத்தனை காலமா நடக்குது?"

"சந்தை கூடுற நாளெல்லாம்."

"பந்தலை ஏன் தள்ளி வச்சீங்கன்னு இவங்ககிட்ட சொன்னதே இல்லையா?"

"ஆரம்பத்துல சொன்னேன். ஓ, அதுதான் காரணமான்னு கேட்டுச் சிரிச்சாங்க. அப்புறம் ஆட்டை எண்ணிப் பார்த்துட்டுப் போனாங்க."

பூவராகன் கீழே உட்கார்ந்தான். சபையில் நடந்ததையும் கிணற்றடியில் நடந்ததையும் சொன்னான்.

"ரெண்டுன்னு சொன்னா என் பேரு தப்பிச்சுடும்."

"தப்பிச்சுடும்."

"ஆறுன்னு சொன்னா?"

"போயிடும்."

"போனாப் போகட்டும்னே வைங்க. நான் போன பிறகு அந்த நிலம் நிக்குமா? ஒருத்தன் குடிசை போடுவான். ஒருத்தன் கடை போடுவான். அரசமரத்தடியில ஒரு கல்லு சாமியாகும். ராஜா பேரனுக்கு அந்த நிலத்தோட பேரு மட்டும்தான் மிஞ்சும். காவலுக்கு நல்லவங்களா பார்த்து வைக்கணுமேம்மா, அத்தனை நல்லவங்களுக்கு எங்க போறது?"

"நல்லவன் எதுக்கு?" என்றார் உலகம்மை. "மழை பெய்யும். குழந்தையைத் தூக்கிக்கிட்டு ஒருத்தி வந்து நிப்பா. ஓரமா ஒரு ஓலையைக் கட்டிக்கட்டும், பாவம்னு விட்டுடுவான் நல்லவன்."

"பின்னே யாரை வைக்கிறது?"

"உன்னைத் தண்ணி குடிக்க விடாமத் துரத்தினாங்களே ஊர்ல. அவங்க எப்படி?"

பூவராகன் அவரையே பார்த்தான். அப்புறம் சொம்பில் மிச்சமிருந்த தண்ணீரைக் குடித்தான்.

அமாவாசை கழிந்தது. சபையில் இடம் இல்லை. மச்சினனின் மாடுகளைப் பற்றிக் கேட்க ஊரே வந்திருந்தது.

"ரெண்டா, ஆறா?" என்றார் ராஜா.

"ஆறு."

"மீதி யாருக்கு?"

"சொன்னா நம்ப மாட்டீங்க மகாராஜா. நம்பவும் வேண்டாம். எனக்குன்னு சந்தேகமா இருந்தா, எனக்குக் கொடுக்காதீங்க. என் மச்சினனுக்குன்னா, அவன் பசு அங்க கால் வச்சாப் பிடிச்சுக் கட்டுங்க. தண்ணிப்பந்தல் ஆட்டையும் விடாதீங்க." கொஞ்சம் நிறுத்தினான். "மருதப்பருக்கும் கொடுக்காதீங்க."

மருதப்பர் துள்ளி எழுந்தார். "நான் எங்கய்யா கேட்டேன்?"

"கேக்கலை. கேட்டுடுவீங்களோன்னு எனக்கு ஒரு சந்தேகம்."

சபை மருதப்பரைத் திரும்பிப் பார்த்தது. மருதப்பர் எண்ணெய்ச் செக்குக்காரரைப் பார்த்தார். செக்குக்காரர் தளபதியைப் பார்த்தார். நெடும்பாறைக்காரர்களும் கருவேலம்பட்டிக்காரர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ராஜா எல்லாரையும் பார்த்தார்.

"அந்த வெறும் நிலத்துல எவனும் ஒரு கோழிக்கூடுகூட வைக்கக் கூடாது," என்றார். "அரண்மனையும் சேர்த்துத்தான். வச்சவனைப் பார்த்தவன் யாரா இருந்தாலும் நேரா என்கிட்ட வந்து சொல்லலாம்."

சபை மொத்தமும் தலையாட்டியது. பக்கத்தில் இருக்கிறவன் கையைக் கட்டியாகிவிட்டது என்று ஒவ்வொருவருக்கும் திருப்தி.

"உத்தரவு மகாராஜா," என்று பூவராகன் திரும்பினான்.

"நில்லு. இவ்வளவு பேசினியே, யாருக்குன்னு மட்டும் சொல்லலை. எனக்கு என்னமோ சந்தேகம் தீரலை பூவராகா. அளவுகோலை வச்சுட்டுப் போ."

பூவராகன் தன் அளவுகோலைக் கீழே வைத்தான். எத்தனையோ வருஷம் கையில் இருந்த கோல். வைத்த கை சும்மா தொங்கியது. வாசல் வரைக்கும் ஒருத்தரும் அவனுக்கு வழிவிட்டு நிற்கவில்லை.

சாலை வந்தது. இரண்டு பக்கமும் வெறும் நிலம் கிடந்தது. யாராவது மாட்டைக் கட்ட முளை அடித்தால், முளை மண்ணில் இறங்குவதற்குள் அரண்மனைக்குச் செய்தி போய்விடும். மருதப்பரின் ஆட்கள் செக்குக்காரருக்காகக் கண் விழித்தார்கள். செக்குக்காரரின் ஆட்கள் மருதப்பருக்காகக் கண் விழித்தார்கள். உலகம்மையின் ஆடுகள் ஒருநாள் எல்லை தாண்டின. நெடும்பாறைக்காரர்களும் கருவேலம்பட்டிக்காரர்களும் சேர்ந்து ஓடி வந்து பிடித்துக் கட்டினார்கள். அந்த இரண்டு ஊரும் சேர்ந்து செய்த வேலை அது ஒன்றுதான்.

பூவராகன் தண்ணீர்ப்பந்தலிலேயே இருந்துவிட்டான். வருகிறவர்களுக்கு ஊற்றுவான். வருகிறவர்கள் அவன் எதிரிலேயே பேசுவார்கள்.

"இவன்தானே நாட்டையே முழுங்கப் பார்த்தவன்?"

"இவனேதான். நல்ல நேரம், நாம முழிச்சுக்கிட்டோம்."

சிலர் சொம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் குடிப்பார்கள். பூவராகன் அடுத்தவருக்குத் தண்ணீர் மொள்ளுவான். ஆனால் 'கை நனைக்காதவர்' என்று யாராவது சொல்கிறார்களா என்று காது மட்டும் தேடிக்கொண்டே இருந்தது.

ஒருநாள் உச்சி வெயிலில் ஆள் நடமாட்டம் இல்லை. உலகம்மை பானையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு."

"ராஜாவோட பேரன் கிழவனாவான். அந்த நிலமெல்லாம் சாலையாகும். ஆறு வண்டியும் சேர்ந்தாப்புல ஓடும். அன்னைக்காவது ஒருத்தன், ஒரே ஒருத்தன், பூவராகன் திருடன் இல்லைன்னு சொல்லுவானா?"

உலகம்மை பானையைக் கவிழ்த்து வைத்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, வெறிச்சென்று கிடந்த சாலையைப் பார்த்தார்.

"அன்னைக்கும் ஒரு சந்தை நாள் வரும் பூவராகா. ஆறு வண்டி அகலமும் அடைச்சுக்கிட்டு நிக்கும். வெயில் தாங்காம ஒருத்தன் மூட்டை மேல ஏறி நின்னு கத்துவான், 'எந்தக் கஞ்சப்பய இந்தச் சாலையை இவ்வளவு ஒடுக்கமாப் போட்டான்?'"